முப்பது குதிரைகளும் ஒரு தராசும்

நாளை நடக்கப்போவதை இன்றே சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை மனிதனை விட்டு என்றும் நீங்கியதில்லை. மழை வருமா, தேர்வில் எந்த வினா வரும், தேர்தலில் வெல்பவர் யார் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். விடை சொல்வோர் இரு வகையினர். ஒருவர், "இதுதான் நடக்கும்" என்று அடித்துச் சொல்வார். மற்றவர், கையிலுள்ள சான்றுகளைத் தராசில் இட்டு, "இது நடக்க இவ்வளவு வாய்ப்பு உண்டு" என்று அளந்து சொல்வார். முன்னவரைக் கேட்க மக்கள் கூடுவர். பின்னவர் சொல்லே நமக்குப் பயன் தரும். அவ்வாறு அளந்து சொல்வது எத்துணைக் கடினம், அதில் எவ்வளவு இன்பம் உண்டு என்பதை விளக்க, அயர்லாந்து நாட்டின் பெரிய குதிரைப் பந்தயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ் மன்ற மலரில் குதிரைப் பந்தயமா என்று நண்பர் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். விடுதி அறைகளில் கைப்பேசியை வைத்துக்கொண்டு பந்தயம் கட்டும் பழக்கம் பரவியுள்ள காலம் இது. கிரிக்கெட்டோ குதிரையோ, "எனக்கு நன்றாகத் தெரியும்" என்ற நம்பிக்கையில் உணவு விடுதிக்குக் கட்ட வேண்டிய பணத்தை இழந்தவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் பலர் உண்டு. கணக்கைப் போட்டுக் காட்டுவோர் குறைவு. இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் அந்தக் கணக்கையே போட்டுக் காட்ட விரும்புகிறேன்.

பந்தயமும் களமும்

தடை தாண்டி ஓடும் குதிரைப் பந்தயம் அயர்லாந்தில் பிறந்தது என்பர். 1752-இல் கார்க் மாவட்டத்தில் பட்டவன்ட் என்னும் ஊரின் தேவாலயத்திலிருந்து டோனரேல் என்னும் ஊரின் தேவாலயம் வரை இருவர் போட்டியிட்டுக் குதிரை ஓட்டினர். ஏறத்தாழ நாலரை மைல் தொலைவு. இடையில் வேலி, பள்ளம், ஓடை எது வந்தாலும் தாண்ட வேண்டும். தேவாலயக் கோபுரமே வழிகாட்டி. கோபுரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் 'ஸ்டீபிள்சேஸ்' என்ற பெயர் வந்தது.

இன்று அந்நாட்டில் இவ்வகைப் பந்தயங்களுள் பெருமை மிக்கது ஐரிஷ் கிராண்ட் நேஷனல். டப்ளின் நகருக்கு வடமேற்கே, மீத் மாவட்டத்தில் உள்ள ஃபேரிஹவுஸ் களத்தில், ஈஸ்டர் ஞாயிறுக்கு மறுநாள் திங்களன்று நடைபெறுகிறது. ஃபேரிஹவுஸில் முதன்முதல் நடந்தது 1870-இல். தொலைவு 3 மைல் 5 ஃபர்லாங். அதாவது ஏறத்தாழ 5,834 மீட்டர். வழியில் 24 தடைகள். அண்மை ஆண்டுகளில் 30 குதிரைகள் வரை ஓடியிருக்கின்றன. இந்த முப்பதில் வெல்வது எது?

எடை என்னும் சமன்கருவி

முப்பது குதிரைகளுள் எது சிறந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் விடை கிடைத்துவிடும் என்று முதலில் தோன்றும். அது சரியன்று. இது 'ஹாண்டிகாப்' முறைப் பந்தயம். சிறந்த குதிரைக்கு மிகுந்த எடையும், தாழ்ந்த குதிரைக்குக் குறைந்த எடையும் வைத்து ஓட்டுவார்கள். ஜாக்கியின் உடல் எடையும் சேணமும் போதாவிடில், சேணத்துடன் ஈயத் தகடுகளைச் சேர்த்து எடையைக் கூட்டுவார்கள்.

இந்த எடையை முடிவு செய்வதற்கென்றே அலுவலர் ஒருவர் இருக்கிறார். அவரை 'எடை வகுப்பவர்' என்போம். அவர் ஒவ்வொரு குதிரையும் முன்பு ஓடிய பந்தயங்களைப் பார்த்து, அதற்கு ஓர் எண் கொடுக்கிறார். அந்த எண் ராத்தல் கணக்கில் அமைந்தது. ஒரு ராத்தல் ஏறத்தாழ 454 கிராம். 14 ராத்தல் ஒரு ஸ்டோன். ஒரு குதிரையின் எண் 155, மற்றொன்றின் எண் 140 என்றால், முன்னது பின்னதைவிட 15 ராத்தல் கூடுதலாகச் சுமக்க வேண்டும். அவர் கணிப்பு முற்றும் சரியாக இருந்தால், முப்பது குதிரைகளும் ஒரே நேரத்தில் முடிவுக் கம்பத்தைக் கடக்க வேண்டும்! அப்போது ஒவ்வொன்றுக்கும் உள்ள வாய்ப்பு முப்பதில் ஒன்று, நூற்றுக்கு 3.3.

எனவே, 'எது சிறந்த குதிரை?' என்ற கேள்வியை எடை வகுப்பவரே நமக்காக முன்பே விடுத்துவிட்டார். நமக்கு எஞ்சியிருப்பது வேறொரு கேள்வி: 'எந்தக் குதிரையைப் பற்றிய அளவீடு பிழையானது?' ஆய்வுக்கூடத்தில் ஒவ்வோர் அளவின் பக்கத்திலும் பிழை எல்லையை எழுதிப் பழகிய மாணவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று.

ஒரு ராத்தல் என்ன செய்யும்?

நெடுந்தொலைவுத் தாண்டு பந்தயத்தில் ஒரு ராத்தல் எடை, ஒரு குதிரை நீளத்திற்குச் சமம் என்பது அத்துறையில் வழங்கும் பொதுக்கணக்கு. ஒரு குதிரை நீளம் ஏறத்தாழ 2.4 மீட்டர். இது நம்பத்தக்கதா என்று நாமே சோதித்துப் பார்க்கலாம்.

குதிரையின் எடை 500 கிலோ என்று கொள்வோம். ஒரு குதிரை 9 ஸ்டோன் 12 ராத்தல் சுமக்கிறது, அது 62.6 கிலோ. மற்றொன்று 12 ஸ்டோன் சுமக்கிறது, அது 76.2 கிலோ. வேறுபாடு 30 ராத்தல், 13.6 கிலோ. ஓடும் மொத்தப் பொருண்மையில் இது நூற்றுக்கு 2.4 பங்கு. பொதுக்கணக்கின்படி இதனால் வரும் பின்னடைவு 30 குதிரை நீளம், அதாவது 72 மீட்டர். 5,834 மீட்டரில் இது நூற்றுக்கு 1.2 பங்கு. சுமையில் நூற்றுக்கு இரண்டரை கூடினால் வேகத்தில் நூற்றுக்கு ஒன்றேகால் குறைகிறது என்பது நம்பத்தகாத முடிவன்று. பந்தயக் களத்தில் பிறந்த பொதுக்கணக்கு இயற்பியலோடு பெரிதும் முரண்படவில்லை.

ஆனால், 72 மீட்டர் என்பது பெரிய தொலைவாகத் தோன்றினும், மொத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்கே என்பதை மறக்கக்கூடாது. ஒரு தடையில் கால் இடறினால் அதைப் போல் பாதி போய்விடும். 2018-இல் ஜெனரல் பிரின்சிபிள் என்ற குதிரை வென்றது ஒரு தலை அளவு வேறுபாட்டில். ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் ஓடி, ஒரு தலை!

ஆர்க்கிளும் ஓர் அளவுகோலும்

அளவீடு எவ்வளவு நுட்பமானது, அது எங்கே நம்மை ஏமாற்றும் என்பதற்கு இப்பந்தய வரலாற்றிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு.

1964-இல் ஆர்க்கிள் என்ற குதிரை இப்பந்தயத்தை வென்றது. அதன் வயது அப்போது ஏழு. அது சுமந்தது 12 ஸ்டோன். இரண்டாவதாக வந்தது ஹைட் ஓ'ஃபாஷன் என்ற பெண் குதிரை. அது சுமந்தது 9 ஸ்டோன் 12 ராத்தல். முப்பது ராத்தல் விட்டுக்கொடுத்தும் ஆர்க்கிள் ஒன்றேகால் நீளத்தில் முந்தியது. ஆர்க்கிளின் ஆற்றல் எடை வகுப்பவரைத் திணறச் செய்தது. எடைக்கு மேலே ஓர் எல்லையும் கீழே ஓர் எல்லையும் உண்டு. ஆர்க்கிளை மேல் எல்லையில் வைத்தால், மற்ற எல்லாக் குதிரைகளும் கீழ் எல்லையிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவற்றுக்குள் உயர்வு தாழ்வு காட்ட இடமிராது. முடிவில் அயர்லாந்தில் இரண்டு எடைப் பட்டியல்கள் வகுக்க வேண்டியதாயிற்று: ஆர்க்கிள் ஓடினால் ஒன்று, ஓடாவிட்டால் மற்றொன்று. ஒரே ஓர் உயிருக்காக அளவுகோலையே மாற்றினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1966-இல் ஃபிளையிங்போல்ட் என்ற குதிரை 12 ஸ்டோன் 7 ராத்தல் சுமந்து அதே பந்தயத்தை வென்றது. இரண்டாவது வந்தது யார்? அதே ஹைட் ஓ'ஃபாஷன். இம்முறை அது 40 ராத்தல் குறைவாகச் சுமந்தும் இரண்டு நீளம் பிந்தியது. ஆர்க்கிளும் ஃபிளையிங்போல்டும் டாம் டிரீப்பர் என்ற ஒரே பயிற்சியாளரின் கொட்டிலில் வளர்ந்தவை. இரண்டையும் வெற்றிக்கு ஓட்டியவர் பாட் டாஃப் என்ற ஒரே ஜாக்கி. இவ்விரண்டில் எது பெரிது?

ஹைட் ஓ'ஃபாஷனை அளவுகோலாகக் கொண்டு கணக்கிடுவோம். ஒரு நீளத்திற்கு ஒரு ராத்தல் என்று வைத்தால், 1964-இல் ஆர்க்கிள் அதைவிட 31¼ ராத்தல் உயர்ந்தது. 1966-இல் ஃபிளையிங்போல்ட் அதைவிட 42 ராத்தல் உயர்ந்தது. ஆகவே ஃபிளையிங்போல்ட், ஆர்க்கிளைவிட ஏறத்தாழ 11 ராத்தல் சிறந்தது என்று முடிவாகிறது. கணக்கில் பிழை இல்லை.

எனினும் இந்த முடிவை அறிந்தோர் ஏற்பதில்லை. குதிரைகளின் ஆற்றலை எண்ணால் மதிப்பிடும் டைம்ஃபார்ம் நிறுவனம் ஆர்க்கிளுக்கு 212, ஃபிளையிங்போல்டுக்கு 210 என்று கொடுத்தது. ஏன் இந்த வேறுபாடு? அளவுகோல் இரும்பால் ஆனதன்று, உயிருள்ள குதிரை. 1964-இல் இருந்த ஹைட் ஓ'ஃபாஷனும் 1966-இல் இருந்த ஹைட் ஓ'ஃபாஷனும் ஒன்றல்ல. ஏழு வயது ஆர்க்கிளும் அதன் பின் வளர்ந்த ஆர்க்கிளும் ஒன்றல்ல. வெப்பத்தில் நீளும் உலோகக் கோலால் அளந்தால் வெப்பத் திருத்தம் செய்கிறோம் அன்றோ? இங்கே காலத் திருத்தம் செய்ய வேண்டும். ஒரு குதிரை மற்றொன்றை வென்றது. அது மூன்றாவதை வென்றது. ஆகவே முதலாவது மூன்றாவதை வெல்லும் என்ற வாதம் காகிதத்தில் அழகாக இருக்கும். புல்தரையில் அது வழுக்கும்.

தராசில் இட வேண்டியவை

அப்படியானால் எவற்றைப் பார்ப்பது? நான்கைச் சொல்லலாம்.

முதலாவது, மூச்சுப் பலம். இரண்டரை மைலில் வெல்லும் குதிரை மூன்றரை மைலுக்கு மேல் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. மூன்று மைலுக்குக் குறையாத பந்தயத்தில், கடைசி வரை வேகம் தளராமல் ஓடிய சான்று வேண்டும்.

இரண்டாவது, தாண்டும் திறன். இதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு தடையைப் பிழையின்றித் தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு 99 உள்ள குதிரை சிறந்த தாண்டுகுதிரை என்றே சொல்லத் தோன்றும். ஆனால் 24 தடைகளையும் பிழையின்றித் தாண்ட அதற்குள்ள வாய்ப்பு 0.99-ஐ இருபத்து நான்கு முறை பெருக்கினால் வருவது. நூற்றுக்கு 79 தான். ஒரு தடைக்கு 98 என்றால் மொத்தத்தில் 62 ஆகக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி வேறுபாடு, இருபத்து நான்கு தடைகளில் பதினேழு புள்ளியாக வளர்ந்துவிடுகிறது. குதிரைகள் விழுவதும், ஜாக்கிகள் தூக்கி எறியப்படுவதும், சில வேளைகளில் குதிரை உயிர் இழப்பதும் இப்பந்தயத்தின் துயரமான பகுதி. நாம் எண்ணாக எழுதும் அந்த ஒரு புள்ளிக்குள் ஓர் உயிரின் இடர் அடங்கியிருக்கிறது என்பதை நினைவில் வைப்போம்.

மூன்றாவது, மண். அயர்லாந்தில் தரையின் ஈரத்தைக் கெட்டி, நல்லது, நெகிழ்வு, மென்மை, சேறு என்று தரம் பிரிப்பார்கள். சேற்றில் மகிழ்ந்து ஓடும் குதிரை காய்ந்த தரையில் பிந்தும், மறுதலையும் உண்டு. இங்கே வானியலும் புகுகிறது. ஈஸ்டர், வேனிற்காலத் தொடக்க முழுநிலவை ஒட்டிக் கணக்கிடப்படும் திருநாள். ஆகவே பந்தயத் திங்கள் மார்ச் 23 முதல் ஏப்ரல் 26 வரை எந்த நாளிலும் வரலாம். 2018-இல் அது ஏப்ரல் 2. 2019-இல் ஏப்ரல் 22. குளிர்கால ஈரம் வற்றாத மார்ச்சு இறுதியும், வெயில் ஏறிய ஏப்ரல் இறுதியும் ஒரே களத்தை வேறு வேறு களமாக்கிவிடும். கிழமை மாறாமல் தேதி மாறும் பந்தயம் இது. சென்ற ஆண்டின் ஓட்டத்தை இவ்வாண்டின் மண்ணில் அப்படியே எதிர்பார்ப்பது தவறு.

நான்காவதே மிக நுட்பமானது: அளவீட்டின் எண்ணிக்கை. தாண்டு பந்தயத்தில் அந்தப் பருவத்திற்கு முன் வெற்றி பெறாத குதிரையை 'நாவிஸ்' என்பர். புதுமுகம் என்று நாம் சொல்லலாம். அனுபவமற்ற புதுமுகம் முப்பது குதிரைகளின் நெரிசலில் திணறும் என்றே எவரும் நினைப்பர். நடந்தது என்ன? 2017-இல் அவர் டியூக், 2018-இல் ஜெனரல் பிரின்சிபிள், 2019-இல் பரோஸ் செயின்ட், 2023-இல் ஐ ஆம் மாக்சிமஸ், 2025-இல் ஹெய்டி கூலர்ஸ். வென்ற இவை யாவும் புதுமுகங்களே.

காரணத்தை நம் ஆய்வுக்கூடமே சொல்லும். ஓர் அளவை ஒரு சில முறை மட்டும் எடுத்தால் சராசரியின் பிழை பெரிது. பல முறை எடுத்தால் சிறிது. பிழை, அளவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு எதிர் விகிதத்தில் குறையும். இருபத்தைந்து பந்தயம் ஓடிய பழைய குதிரையைக் காட்டிலும், நான்கே பந்தயம் ஓடிய புதுமுகத்தைப் பற்றிய மதிப்பீட்டில் பிழை இரண்டரை மடங்கு. அந்தப் பிழை இரு பக்கமும் உண்டு. புதுமுகங்களுள் சில, எண் காட்டுவதைவிட மிகத் தாழ்ந்தவை. சில மிக உயர்ந்தவை. பந்தயத்தில் பரிசு முதலில் வருவதற்கு. கடைசியில் வருவதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. முப்பதில் முதலாவதைத் தேடும்போது, பிழை எல்லை அகன்ற குதிரைகளே உச்சியில் மிகுதியாகத் தென்படும். அன்றியும், புதுமுகம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது; சென்ற மாத எண் இம்மாதத்திற்குப் பழையதாகிவிடுகிறது. நன்கு அறியப்பட்ட குதிரை நம்மை வியப்பில் ஆழ்த்துவதில்லை. நன்கு அறியப்படாததே ஆழ்த்தும்.

பயிற்சியாளரின் பெயரைப் பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் அளவோடு. 1960 முதல் 1966 வரை ஏழு ஆண்டும் தொடர்ந்து டாம் டிரீப்பரின் குதிரைகளே வென்றன. ஏழு ஆண்டுக்கு ஏழு வெவ்வேறு குதிரைகள். அந்த ஆண்டுகளில் அவர் பெயரே பெரிய சான்று. 2018-இல் ஓடிய முப்பதில் பதின்மூன்று குதிரைகள் கார்டன் எலியட் என்ற ஒரே பயிற்சியாளருடையவை. வென்றதும் அவருடையதே. ஆனால் பதின்மூன்றில் எது என்பதை அவர் பெயர் சொல்லவில்லை.

எடை மிகுந்தது தோற்றே தீரும் என்றும் எண்ண வேண்டா. 1990-இல் டெசர்ட் ஆர்க்கிட் 12 ஸ்டோன் சுமந்து, கடைசித் தடையில் பலமாக மோதியும், வென்றது. எடை தராசின் ஒரு தட்டு மட்டுமே.

விழுக்காடாகச் சொல்லுதல்

இத்தனையும் பார்த்த பின் நாம் சொல்ல வேண்டியது ஒரு குதிரையின் பெயரன்று, முப்பது எண்கள். ஒவ்வொரு குதிரைக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று எழுதி, கூட்டினால் நூறு வருமாறு செய்ய வேண்டும். மிகச் சிறந்த வாய்ப்புள்ள குதிரைக்கும் பதினைந்து, இருபதுக்கு மேல் கொடுக்க மனம் வராது. அதாவது, நாம் முதலில் வைக்கும் குதிரை ஐந்து முறைக்கு நான்கு முறை தோற்கும் என்று நாமே கையெழுத்திடுகிறோம். இந்தப் பணிவை எண் நமக்குக் கற்றுத்தருகிறது.

2021-ஐ நினைத்துப் பாருங்கள். நோய்த்தொற்றுக் காலத்தில், பார்வையாளர் இல்லாத களத்தில், ஃபிரீவீலின் டிலன் என்ற குதிரை பெரும்பாலும் முன்னணியிலேயே ஓடி வென்றது. அதன் பந்தய விலை ஒன்றுக்கு நூற்றைம்பது. அந்த விலை குறிக்கும் வாய்ப்பு 151-இல் ஒன்று, நூற்றுக்கு 0.7 கூட இல்லை. இப்பந்தய வரலாற்றில் இவ்வளவு உயர்ந்த விலையில் வென்ற குதிரை வேறில்லை. அடுத்த ஆண்டு, அதே பயிற்சியாளரின் லார்ட் லேரியட் ஒன்றுக்கு நாற்பது விலையில் வென்றது.

இதைக் கண்டு, "கணிப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. 151-இல் ஒரு முறை நடக்கும் என்றது ஒரு முறை நடந்தது. அத்தகைய குதிரை ஆண்டுக்கு ஒன்று ஓடினால், 151 ஆண்டில் ஒரு முறை வெல்ல வேண்டும். ஃபேரிஹவுஸில் இப்பந்தயத்தின் வயதே ஏறத்தாழ அவ்வளவுதான்! ஒரு நிகழ்ச்சியை வைத்து ஒரு நிகழ்தகவை மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. கணிப்பவர் நல்லவரா என்று அறிய ஒரே வழி உண்டு. அவர் பல பந்தயங்களில் 'நூற்றுக்குப் பத்து' என்று எழுதிய குதிரைகளை எல்லாம் திரட்டிப் பார்க்க வேண்டும். அவற்றுள் பத்தில் ஒன்று வென்றிருந்தால் அவர் தராசு நேர்மையானது. மூன்றோ நான்கோ வென்றிருந்தால்கூட அது பிழையான தராசே. அவர் வாய்ப்பைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறார்.

விலைக்குள் ஒளிந்திருக்கும் பங்கு

இனி, பணத்தைப் பற்றிய கணக்கு. பந்தயப் பணம் வாங்கும் புக்கி, விலையை எவ்வாறு அமைக்கிறார்?

எளிமைக்காக நான்கே குதிரைகள், நான்கும் சம ஆற்றல் உள்ளவை என்று கொள்வோம். ஒவ்வொன்றின் வாய்ப்பும் நூற்றுக்கு 25. நேர்மையான விலை ஒன்றுக்கு மூன்று, அதாவது 2 ரூபாய் வைத்து வென்றால் 6 ரூபாய் இலாபம், வைத்த 2 ரூபாயும் திரும்பும், மொத்தம் 8. புக்கி அந்த விலையைத் தரமாட்டார். இரண்டுக்கு ஐந்து என்று தருவார். நாம் நான்கு குதிரைகள் மீதும் இரண்டிரண்டு ரூபாய் வைத்தால் செலவு 8 ரூபாய். எது வென்றாலும் நமக்குக் கிடைப்பது ஐந்தும் இரண்டும் ஏழு. ஒரு ரூபாய் எங்கே போயிற்று? எந்தக் குதிரை வென்றாலும் அது புக்கியின் பையில்தான்.

அந்த விலைகள் குறிக்கும் வாய்ப்புகளைக் கூட்டினால் நூறு வராது, 114 வரும். நூற்றுக்கு மேற்பட்ட அந்தப் பதினான்குதான் அவருடைய பிழைப்பு. குதிரைகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்த உபரியும் பொதுவாகக் கூடும். முப்பது குதிரை ஓடும் பந்தயத்தில் அதை மறைத்து வைக்க முப்பது இடங்கள் உண்டு.

இதன் பொருளைக் கூர்ந்து நோக்குக. பந்தயம் கட்டுபவர் புக்கியைவிடச் சிறிது சிறந்த கணிப்பாளராக இருந்தால் போதாது. அவர் எடுத்துக்கொள்ளும் பங்கையும் தாண்டும் அளவு சிறந்தவராக இருக்க வேண்டும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில், 25 என்று எல்லாரும் மதிக்கும் குதிரைக்கு உண்மையில் 29 உண்டு என்று அறிந்தவருக்கே சிறு இலாபம் வரும். நூற்றுக்கு 25-ஐயும் 29-ஐயும் பிரித்தறிய எத்தனை அளவீடு வேண்டும் என்று புள்ளியியல் படித்த நண்பரைக் கேளுங்கள். சில நூறு என்பார். அதற்குள் மாணவனின் பணப்பை காலியாகிவிடும். இரவெல்லாம் குதிரைகளின் வரலாற்றைப் படித்தவரும், பெயர் அழகைப் பார்த்துப் பணம் வைத்தவரும், பெரும்பாலும் ஒரே வாசல் வழியாகத்தான் வெறுங்கையோடு வெளியேறுகின்றனர்.

திறமையா, தற்செயலா?

இந்தக் கேள்வி நம் நாட்டு நீதிமன்றத்திலும் எழுந்தது. அதுவும் நம் தமிழகத்திலிருந்தே சென்றது. குதிரைப் பந்தயத்தையும் அதன் மீது பணயம் வைப்பதையும் ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1974-இல் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, வெறும் தற்செயலைச் சார்ந்த சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

குதிரையின் ஓட்டம், ஜாக்கியின் கை, பயிற்சியாளரின் அறிவு, கணிப்பவரின் ஆராய்ச்சி ஆகியவை எல்லாம் திறமையே என்பதில் நமக்கும் ஐயமில்லை. இதுவரை நாம் பார்த்ததும் அதுவே. ஆனால் 'இது திறமை விளையாட்டு' என்பதற்கும் 'திறமை உள்ள நான் இதில் பொருள் ஈட்டுவேன்' என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. முன்னது சட்டத்தின் விடை. பின்னதற்குக் கூட்டல் கழித்தல் விடை சொல்லும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவரே முதலில் ஏமாறுகிறார். அறிவில்லாதவர் பயந்து ஒதுங்கக்கூடும். ஓரளவு அறிந்தவர்தான் துணிந்து இறங்குகிறார். மாணவர்களாகிய நாம் அந்த இரண்டாம் வகையில் இருக்கிறோம்.

மன்றத்தில் ஒரு பயிற்சி

எனவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஈஸ்டர் திங்களுக்கு முன், ஃபேரிஹவுஸில் ஓடவிருக்கும் குதிரைகளின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். எடை, தொலைவு, தாண்டும் திறன், மண், ஓடிய பந்தயங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று எழுதி, கூட்டுத்தொகை நூறாக அமைத்து, தேதியிட்டு மன்றச் செயலாளரிடம் கொடுங்கள். பந்தயம் முடிந்தபின், வென்ற குதிரைக்கு யார் மிகுதியாகக் கொடுத்திருந்தார் என்று பார்ப்போம். எல்லாக் குதிரைக்கும் சமமாக 3.3 கொடுத்தவரை நம்மில் எத்தனை பேர் மிஞ்சினோம் என்றும் பார்ப்போம். ஒரு முறை போதாது. ஆண்டு முழுவதும் பல பந்தயங்களுக்குச் செய்தால்தான் தராசின் நேர்மை விளங்கும். காசு வேண்டா, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இந்தப் பழக்கம் பந்தயத்தோடு நில்லாது. ஒரு மருந்து எத்தனை பேருக்குப் பயன்பட்டது, ஒரு கருத்துக்கணிப்பு எத்தனை பேரைக் கேட்டது, ஒரு செய்தி எத்தனை சான்றின் மேல் நிற்கிறது என்று கேட்கும் மனம் இதனால் வளரும். ஆர்க்கிளை அளந்த எடை வகுப்பவர், தம் கோல் போதவில்லை என்று கண்டதும் இரண்டாவது பட்டியல் எழுதினார். கோலுக்கு அடங்கவில்லை என்று குதிரையை அவர் குறைகூறவில்லை. நம் கணிப்பும் நடந்ததும் மாறுபடும்போது கோலைத் திருத்திக்கொள்ளும் துணிவே கற்றவர்க்கு அழகு.